மீனின் எல்லையும் சுரப்பிகளும்



நான் விலங்கியல் ஆசிரியனாகப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். அன்று நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றிய பாடம். கரும்பலகையின் இடப்பக்கத்தில் 'சுரப்பி' என்று எழுதினேன். வலப்பக்கத்தில் 'செயல்' என்று எழுதினேன். நடுவே ஓர் அம்புக்குறி இட்டேன். சுரப்பி குருதியில் ஒரு பொருளைக் கலக்கிறது. அப்பொருள் உடலெங்கும் சென்று விலங்கைச் செயலுக்கு ஏவுகிறது. ஆண் விலங்கு சண்டையிடுவதும் தன் எல்லையைக் காப்பதும் இவ்வாறே நிகழ்கின்றன என்று விளக்கினேன். பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அந்த அம்பு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கும் வருமா?" என்று கேட்டார். "வராது. உட்காருங்கள்" என்றேன். மணி அடித்துவிட்டது. வகுப்புக் கலைந்தது.

அவருடைய கேள்வி சரியானது; என் விடைதான் பிழையானது. இதை நான் உணர்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின. உணர்த்தியவை பெரிய விலங்குகள் அல்ல. வெப்ப மண்டலக் கடல்களின் பவளப்பார்களில் வாழும், கையில் எடுத்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய சில மீன்கள். அவற்றைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

முதலில், என் அம்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது நானாகக் கற்பித்துக்கொண்டது அன்று. 1849-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்த்தோல்ட் என்ற அறிஞர் ஆறு இளஞ் சேவல்களை வைத்து ஒரு சோதனை செய்தார். விதைகள் நீக்கப்பட்ட சேவல்கள் கூவவில்லை. பிற சேவல்களோடு சண்டைக்குச் செல்லவில்லை. அவற்றின் கொண்டையும் சிறுத்துப்போயிற்று. ஆனால், நீக்கிய விதையை வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் பொருத்திய சேவல்கள் மற்றச் சேவல்களைப் போலவே கூவின, சண்டையிட்டன, கொண்டையும் செழித்தது. பழைய நரம்புத் தொடர்பு அறுந்துவிட்டது அல்லவா? ஆகவே, விதையிலிருந்து ஏதோ ஒன்று குருதியின் வழியே செல்கிறது என்று அவர் முடிவு கட்டினார். இத்தகைய பொருள்களுக்கு 'ஹார்மோன்' என்ற பெயரை 1905-இல் வழங்கியவர் இங்கிலாந்தின் ஸ்டார்லிங். கிரேக்க மொழியில் 'தூண்டுகிறேன்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. தூண்டுவது ஹார்மோன், தூண்டப்படுவது விலங்கு என்னும் எண்ணம் பெயரிலேயே பதிந்துவிட்டது. சேவற்கட்டு பார்த்து வளர்ந்த நமக்கு இதை நம்புவதும் எளிதாக இருந்தது.

நிற்க. இனிக் கடலுக்குச் செல்வோம்.

மன்னார் வளைகுடாவின் மீனவர்கள் கடலடியில் பாறைபோல் எழுந்திருக்கும் திட்டைப் 'பார்' என்று சொல்வார்கள். பவளப்பார் நெருக்கடி மிகுந்த ஊர். ஒளிந்துகொள்ள ஒரு பொந்து, மேய்வதற்குக் கொஞ்சம் பாசி, முட்டையிட ஒரு தூய பாறைமுகம் ஆகியவற்றுக்கு அங்கே ஓயாத போட்டி. ஆகையால் பல மீன்கள் ஒரு சிறு பரப்பைத் தமக்கென்று வளைத்துக்கொண்டு, அதில் நுழைவோரை விரட்டுகின்றன. இவ்வாறு காக்கப்படும் பரப்பையே விலங்கியலார் 'எல்லை' என்கிறார்கள்.

பவளப்பார் மீன்கள் ஏன் இத்தனைப் பகட்டான நிறங்களில் இருக்கின்றன என்ற கேள்விக்கு, ஆஸ்திரியாவின் கான்ராட் லோரென்ஸ் 1963-இல் வெளியிட்ட நூலில் ஒரு விடை கூறினார். சுவரொட்டியைப் போல் கண்ணைப் பறிக்கும் அந்த நிறங்கள் தன் இனத்தானுக்குக் காட்டும் எச்சரிக்கை என்றார் அவர். மீன் தன் இனத்தைத்தான் விரட்டும், பிற இனங்களைப் பொருட்படுத்தாது என்றும் கருதினார். அழகான கருத்துத்தான். ஆனால் முழுதும் பொருந்தவில்லை. டாம்சல் மீன்களில் பல, பாறைமேல் பாசித் தோட்டம் வளர்க்கின்றன. அந்தத் தோட்டத்தில் வாய் வைக்கக்கூடிய எந்த இனத்து மீனையும் அவை விரட்டுகின்றன. மூழ்கிச் செல்லும் மனிதன் கையை நீட்டினால் அவனையும் கொத்துகின்றன. பாசியைத் தின்னாத மீன் பக்கத்தில் சென்றால் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அந்தச் சிறு மூளை ஆளைப் பார்த்து அளந்தே சினம் கொள்கிறது. வெறும் உள் உந்துதலால் மட்டும் சண்டையிடும் பொறியாக இருந்தால், இத்தனை வேறுபாடு பார்க்குமா என்ற ஐயம் எனக்கு இங்கேதான் முதலில் எழுந்தது.

என்னை முற்றிலும் மாற்றிய மீன் வேறு. அது நம் கடலில் இல்லை. அமெரிக்கக் கண்டங்களுக்கு நடுவே, கரீபியக் கடலின் பவளப்பார்களில் வாழ்கிறது. நீலத்தலை மீன் என்று அதைச் சொல்லலாம். இந்த இனத்தில் சிறியவை மஞ்சள் நிறமானவை. அவற்றுள் பெரும்பாலானவை பெண்கள். பெண்களைப் போலவே தோன்றும் சிறு ஆண்களும் உண்டு. வளர்ந்த பெரிய ஆணோ வேறு இனமோ என்று ஐயுறத்தக்க தோற்றம் உடையது: தலை நீலம், கழுத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள், உடல் பச்சை.

பெரிய ஆணுக்கு எல்லை உண்டு. ஆனால் அந்த எல்லை நாள் முழுதும் இருப்பதில்லை. காலையில் அது எங்கோ மேய்ந்துகொண்டிருக்கும். நண்பகலை ஒட்டி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மட்டும், நீரோட்டம் பாரைவிட்டு வெளியேறும் பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்து நிற்கும். மற்ற ஆண்களை விரட்டும். பெண் மீன்கள் அவ்விடத்துக்கு வரும். இணைந்து விரைவாக மேல்நோக்கிப் பாய்ந்து முட்டைகளையும் விந்தையும் நீரில் விடும்; நீரோட்டம் அவற்றைப் பாருக்கு அப்பால் கொண்டு செல்லும். நல்ல இடம் வாய்த்த ஆணுக்கு ஒரு நாளில் பல பத்து முறை இது நிகழும். இடம் வாய்க்காத பெரிய ஆண்கள் சுற்றிச் சுற்றி அலையும்.

அமெரிக்க விலங்கியலார் ராபர்ட் வார்னர் பனாமாவின் சான் பிளாஸ் தீவுகளை அடுத்த சிறு பார்களில் இந்த மீன்களை நெடுங்காலம் ஆராய்ந்தார். 12 ஆண்டுகள் கவனித்தும் அந்த இடங்கள் மாறவில்லை. மீன்கள் இறந்தன, புதியவை வளர்ந்து வந்தன, நான்கு தலைமுறைகள் கழிந்தன, இடங்கள் மட்டும் அப்படியே இருந்தன. அப்படியானால் அந்த இடங்களில் ஏதோ தனிச் சிறப்பு இருக்க வேண்டும் என்றுதானே தோன்றும்? வார்னர் ஒரு பாரின் மீன்களை முற்றிலும் அகற்றிவிட்டு, வேறு பார்களின் மீன்களைக் கொண்டுவந்து அங்கே விட்டார். வந்தவை பழைய இடங்களை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. வேறு இடங்களைத் தேர்ந்தன. பிறகு அவற்றையே தொடர்ந்து பயன்படுத்தின. ஆண்களை மட்டும் மாற்றிப் பார்த்தபோது இடங்கள் மாறவில்லை. பெண்களை மாற்றியபோது மாறின. ஆக, ஆண் தன் வீரத்தால் எல்லையை உண்டாக்குவதாக நாம் எண்ணிக்கொண்டிருக்க, எந்த இடம் எல்லையாகத் தகும் என்பதைப் பெண்கள் தங்கள் பழக்கத்தால் தீர்மானித்துவிட்டிருந்தார்கள். இந்தச் செய்தியை முதன்முதலில் படித்த அன்று நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

இனி நம் கேள்விக்கு வருவோம். பாரிலிருந்து பெரிய ஆண்களை அகற்றிவிட்டால் என்ன ஆகும்? அங்கே இருக்கும் பெண்களில் மிகப் பெரியது, சில நிமிடங்களுக்குள் ஆணைப் போல் நடக்கத் தொடங்குகிறது! மற்றவற்றை விரட்டுகிறது, ஆண் நின்ற இடத்தில் நிற்கிறது, வரும் பெண்களை நோக்கி ஆண் ஆடும் ஆட்டத்தை ஆடுகிறது. அந்த நேரத்தில் அதன் உடலுக்குள் இருப்பது முட்டைப்பைதான். பிறகு அம்முட்டைப்பை சிறிது சிறிதாக விதையாக மாறுகிறது. எட்டு முதல் பத்து நாள்களில் விந்து உண்டாகத் தொடங்குகிறது. நீலத் தலையும் பட்டைகளும் படிப்படியாகத் தோன்றுகின்றன. நேற்றுவரை முட்டையிட்டது இனித் தந்தை ஆகிறது.

இங்கே காலக் கணக்கைக் கவனியுங்கள். செயல் மாறச் சில நிமிடங்கள். சுரப்பி மாறப் பல நாள்கள். என் கரும்பலகை அம்பு சரியென்றால் முன்னது பின்னதற்குப் பிறகு அல்லவா வரவேண்டும்?

பிடிவாதக்காரனான நான் இதற்கும் ஒரு மறுப்பு வைத்திருந்தேன். "முட்டைப்பையே ஒருகால் ஏதோ ஒரு பொருளை உடனே சுரந்துவிடலாம், அளக்கப்படாததால் நமக்குத் தெரியவில்லை" என்று சொல்லிக்கொண்டேன். அந்த மறுப்பையும் 1996-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி அகற்றிற்று. ஜான் காட்வின், டேவிட் குரூஸ், வார்னர் ஆகிய மூவரும் பெரிய பெண் மீன்களின் முட்டைப்பைகளையே அறுவையால் நீக்கிவிட்டார்கள். உள்ளங்கையளவு மீனுக்கு அறுவை செய்து, மீண்டும் அதே பாரில் விட்டு, அது பிழைத்து நடமாடுவதைக் காண்பது எளிய வேலையா? செய்தார்கள். பிறகு பெரிய ஆண்களை அகற்றினார்கள். முட்டைப்பையும் இல்லாமல், விதையும் இல்லாமல், அந்தப் பெண் மீன்கள் எல்லையைக் கைப்பற்றின, மற்றவற்றை விரட்டின, பெண்களை அழைத்தன, அழைப்பை ஏற்று வந்த பெண்களோடு மேல்நோக்கிப் பாய்ந்தன. பெர்த்தோல்டின் சேவலுக்கு விதை இல்லாமல் சண்டை இல்லை. இந்த மீனுக்கோ இனச் சுரப்பி எதுவுமே இல்லாதபோதும் எல்லையும் உண்டு, சண்டையும் உண்டு.

அப்படியென்றால் ஹார்மோன்களுக்கு வேலையே இல்லையா? அவ்வாறு சொன்னால் இன்னொரு பக்கம் சாய்ந்தவர்கள் ஆவோம். வேலை உண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகள் உண்டு.

மீன்களின் ஆண்மைச் சுரப்பில் முதன்மையானது 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன் என்பது. 1960-இல் சால்மன் மீனின் குருதியிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. மஞ்சள் நிற நீலத்தலை மீனின் உடலில் இதைச் செலுத்தினால் பெரிய ஆணின் நிறம் தோன்றுகிறது. நிறம் என்பது அந்த மீனின் கொடி. கொடியை நெய்வது இந்தச் சுரப்பு. ஆனால் அது மெல்ல வேலை செய்யும் பொருள். நிமிடக் கணக்கில் நிகழும் மாற்றத்துக்கு மூளையைப் பார்க்க வேண்டும்.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள சில நரம்பணுக்கள் வாசோடோசின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு மாலை அது. நம் உடலில் சிறுநீரின் அளவைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசினுக்கும் இதற்கும் அந்த ஒன்பதில் ஒன்றுதான் வேறுபாடு. 2001-இல் காட்வினும் அவருடைய குழுவினரும், எல்லை இல்லாமல் அலையும் பெரிய ஆண் மீன்களுக்கு வாசோடோசினைச் செலுத்தினார்கள். அவை எல்லைக்கு உரியவை போல் நடக்கத் தொடங்கின. எல்லை உடைய ஆண்களுக்கு வாசோடோசினின் வேலையைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியபோது, அவற்றின் அழைப்பும் காவலும் தளர்ந்தன. மேலும், முட்டைப்பை நீக்கப்பட்ட பெண் மீன் தலைமை ஏற்றபோதும் அதன் மூளையில் வாசோடோசின் ஆக்கம் உயர்ந்தது என்று அடுத்த சில ஆண்டுகளில் கண்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு மாணவர் என்னை மடக்கலாம். "ஐயா, வாசோடோசினும் ஹார்மோன்தானே? அம்பு வயிற்றிலிருந்து புறப்படவில்லை, மூளையிலிருந்து புறப்பட்டது, அவ்வளவுதானே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் மூளையில் அது ஏன் அன்று உயர்ந்தது? நேற்று ஏன் உயரவில்லை? நேற்று ஒரு நீலத்தலை அங்கே நின்றது, இன்று நிற்கவில்லை. பெண் மீனின் உடலில் அன்று காலை எந்த மாற்றமும் இல்லை. மாற்றம் பாரில் ஏற்பட்டது. காலியான ஓர் இடத்தைக் கண் கண்டது. கண்டதை மூளை அளந்தது. அளந்த பிறகே சுரப்பு. எல்லை கிடைத்ததால் சுரப்பு வந்தது. வந்த சுரப்பு எல்லையைக் காக்க வலிமை தந்தது. அம்பு இரண்டு பக்கமும் ஓடுகிறது. பழந்தமிழர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, ஒழுக்கத்தை அதற்குப் பிறகு உரிப்பொருளாக வைத்தார்கள். அது கவிதைக்கு வகுத்த இலக்கணம். மீனுக்கு வகுத்தது அன்று. ஆயினும் இந்த ஆராய்ச்சிகளைப் படிக்கும்போதெல்லாம் அந்த வரிசை எனக்கு நினைவுக்கு வருகிறது.

பவளப்பாரைவிட்டு ஒரு நிமிடம் நன்னீருக்கு வருவதற்கு மன்னிக்க வேண்டும்; நம் ஏரிகளில் எல்லாரும் அறிந்த ஜிலேபி மீன் ஒன்று இங்கே சான்று சொல்லக் காத்திருக்கிறது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் ஆணும் குழி பறித்து எல்லை காக்கும். போர்ச்சுகல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அதன் முன் ஒரு கண்ணாடியை வைத்தார்கள். கண்ணாடியில் தெரிந்த ஆணை அது கடுமையாகத் தாக்கியது. இது தாக்கினால் அதுவும் தாக்கும். இது பின்வாங்கினால் அதுவும் பின்வாங்கும். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. 2005-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்பானது: அவ்வளவு சண்டைக்குப் பிறகும் அதன் ஆண்மைச் சுரப்பு உயரவில்லை. சண்டையிடுவது மட்டும் போதாது. சண்டையின் முடிவு என்ன என்று மீன் அறியவேண்டும். சுரப்பி அந்தச் செய்திக்காகக் காத்திருக்கிறது.

நம் கடலுக்குத் திரும்புவோம். உரிய அனுமதியோடு மாணவர்களுடன் மண்டபத்தை அடுத்த தீவு ஒன்றின் அருகே, கண்ணாடி முகமூடி அணிந்து நீரில் மிதந்தபடி ஒரு பவளத்திட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலக் கோடு ஓடும் மெல்லிய மீன் ஒன்று, தன்னைவிடப் பல மடங்கு பெரிய மீனின் செவுளுக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தது. பிற மீன்களின் உடலில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் துப்புரவு மீன் அது. நீலத்தலையின் உறவினம். ஒரு பெரிய ஆண், அதன் எல்லைக்குள் சில பெண்கள் என்பது அதன் குடும்பம். பெண்களுக்குள்ளும் உருவத்தால் வரிசை உண்டு. ஆண் ஒவ்வொரு நாளும் பெண்களிடம் சென்று மிரட்டி வருகிறது. அந்த மிரட்டலே பெண்கள் ஆணாக மாறாமல் தடுத்து வைத்திருக்கிறது என்று ராஸ் ராபர்ட்சன் 1972-இல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் தொடரில் ஆராய்ந்து காட்டினார். ஆண் இறந்தால், முதல் பெண் இரண்டு மணி நேரத்துக்குள் ஆணின் மிரட்டலைத் தொடங்குகிறது. சில நாள்களில் எல்லை அதன் வசமாகிறது. இரண்டு வாரங்களுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் விந்து உண்டாகிறது. கடல் சாமந்தியில் குடியிருக்கும் கோமாளி மீனிடம் இதே கதை தலைகீழாக நடக்கிறது. அங்கே தலைமை பெண்ணுக்கு. அவள் இறந்தால் ஆண் பெண்ணாக மாறுகிறது. அதுவும் நம் மன்னார் வளைகுடாவில் உண்டு.

அன்று நான் நெடுநேரம் அந்தத் துப்புரவு மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆணா பெண்ணா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இந்த இனத்தில் இரண்டும் ஒரே நிறம். அதைச் சொல்ல வேண்டுமென்றால், அருகில் அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறதா என்று தேடவேண்டும். சற்று நேரம் கழித்துப் பாறைக்குப் பின்னாலிருந்து பெரியது ஒன்று வந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த மீன் உடலைச் சற்றுச் சாய்த்து ஒதுங்கிக்கொண்டது. இதுதான் பெண்ணாக இருக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

பின்வரிசை மாணவரின் பெயர் எனக்கு நினைவில் இல்லை. அவர் எந்த ஊரில் என்ன பணியில் இருக்கிறார் என்பதும் தெரியாது. இதை அவர் கேட்டுக்கொண்டிருந்தால், அன்று அவரை உட்காரச் சொன்னதற்காக என்னைப் பொறுத்தருள வேண்டும். அந்தப் பாடத்தை நடத்தும்போது இப்போதும் கரும்பலகையில் 'சுரப்பி' என்றும் 'செயல்' என்றும் எழுதுகிறேன். மேலே ஓர் அம்பு வலப்பக்கம் நோக்கிச் செல்கிறது. அதன் கீழே இன்னோர் அம்பை இடப்பக்கம் நோக்கி வரைகிறேன். இரண்டுக்கும் வெளியே, பலகையின் மூலையில், 'காலியான இடம்' என்று எழுதிவிட்டு, அது எந்த அம்பில் சேரும் என்று மாணவர்களைக் கேட்கிறேன். மணி அடிக்கும்வரை அவர்கள் வாதிடுகிறார்கள்.